காதல் படத்தில் ஒலியும் மௌனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அதிகம் பேசாத ஒரு காதல் படம் முடிந்து விளக்கு எரியும்போது பாதிப் பேர் கண் கலங்கியிருப்பார்கள், மீதிப் பேர் கைபேசியில் மணி பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் வகையினர் கேட்கும் கேள்விகளும், முதல் வகையினர் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகளும் இங்கே கலந்திருக்கின்றன. சில படங்களின் முடிவு இதில் வெளியே வந்துவிடும். அது வேண்டாம் என்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

படத்தில் எதுவுமே நடக்கவில்லையே. இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், பார்த்துக்கொள்கிறார்கள், பிரிந்து போகிறார்கள். இதில் ரசிக்க என்ன இருக்கிறது?

கதை வசனத்தில் வரும், உணர்ச்சி பின்னணி இசையில் வரும் என்று நாம் பழகியிருக்கிறோம். இரண்டையும் குறைத்துவிட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். ஆனால் காதல் கதையில் பெரும்பாலும் நடப்பது என்ன? சொல்லலாமா, வேண்டாமா என்ற தயக்கம். அந்தத் தயக்கத்துக்கு வசனம் எழுதினால் தயக்கம் போய்விடும்; "எனக்குத் தயக்கமாக இருக்கிறது" என்று தெளிவாகச் சொல்கிறவனுக்குப் பாதித் தயக்கம் தீர்ந்துவிட்டது. அதனால் கெட்டிக்கார இயக்குநர் அதைப் பேச்சிலிருந்து எடுத்து வேறு இடத்தில் வைக்கிறார். கோப்பையைக் கீழே வைக்கும் சத்தத்தில், பாதி இழுத்து நிற்கும் மூச்சில், படிக்கட்டில் இறங்கிப்போன காலடி இரண்டு படி தள்ளி நின்றுவிடுவதில்.

அப்படியானால் படம் பார்ப்பது கொஞ்சம் ஒட்டுக்கேட்பது மாதிரிதான். காதைக் கூர்மையாக்கிக்கொண்டு உட்கார வேண்டும்.

மௌனம் என்றால் ஒலியே இல்லாமல் இருப்பதுதானே? அதில் கேட்க என்ன இருக்கிறது?

திரையில் முழு நிசப்தம் என்பது அனேகமாகக் கிடையாது. ஒலித்தடத்தை அடியோடு வெட்டிவிட்டால், பார்ப்பவர் முதலில் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார். இதற்காகவே படப்பிடிப்பில் ஒலிப்பதிவாளர் எல்லாரையும் அப்படியே அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த அறையின் வெறும் ஒலியை அரை நிமிடமோ ஒரு நிமிடமோ பதிவு செய்துகொள்வார். ரூம் டோன் என்பார்கள். யாரும் பேசாத இடங்களில் அடியில் ஓடுவது இதுதான். ஒவ்வொரு அறைக்கும் இது வேறு. மர வீட்டின் அமைதியும் கான்கிரீட் வீட்டின் அமைதியும் ஒன்றில்லை.

ஆக, மௌனம் தானாக வருவதில்லை, செய்யப்படுகிறது. செய்யும்போது ஒரு கேள்வி எழும்: எதையெல்லாம் எடுத்துவிடலாம், எந்த ஒன்றை மட்டும் விட்டுவைக்கலாம்? விட்டுவைத்த அந்த ஒன்றில்தான் காட்சியின் உயிர் இருக்கிறது.

இதை நம்மூர்க் கவிஞர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். குறுந்தொகை 138ஆம் பாட்டு, கொல்லன் அழிசி பாடியது. முந்தின இரவு தலைவன் வரவில்லை. தோழி சொல்கிறாள்: ஊரே தூங்கிவிட்டது, நாங்கள் தூங்கவில்லை, வீட்டுக்குப் பக்கத்தில் நொச்சி மரத்தின் மெல்லிய கிளையிலிருந்து நீலமணி போன்ற பூக்கள் உதிரும் ஓசையைக் கேட்டுக்கொண்டே கிடந்தோம். "அமைதியாக இருந்தது" என்று எங்கும் இல்லை. "காத்திருந்தோம்" என்றும் இல்லை. பூ விழும் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். பூ விழுவது காதில் கேட்கிறதென்றால் ஊர் எவ்வளவு அடங்கியிருக்க வேண்டும், அந்தக் காது எந்தக் காலடிக்காகத் திறந்திருந்திருக்க வேண்டும் என்பதை நாமே கூட்டிக்கொள்கிறோம். ஒலி வடிவமைப்பாளர் ஒருவர் இந்தப் பாட்டைப் படித்தால் இதில் திருத்த ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்.

இன்னொன்று. எது அமைதி என்பது கதாபாத்திரத்துக்குக் கதாபாத்திரம் மாறும். சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கி 1987இல் வந்த 'பேசும் படம்', வசனமே இல்லாத படம். அதில் கமல் ஹாசனின் பாத்திரம் ஒரு திரையரங்கை ஒட்டிய இடத்தில், அதன் இரைச்சலிலேயே குடியிருந்து பழகியவன். வசதியான ஹோட்டல் அறைக்குப் போனதும் அங்கே இருக்கும் நிசப்தத்தில் தூக்கம் வராது. பழைய இடத்தின் சத்தத்தை டேப் ரெக்கார்டரில் பதிவு செய்துகொண்டு வந்து ஓடவிட்டுத் தூங்குவான். சிரிப்புக்காக வைத்த காட்சிதான். ஆனால் அவன் அந்த அறைக்கு உரியவன் இல்லை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஒலி என்றால் வசனம், பாட்டு, பின்னணி இசை. இதற்கு மேல் என்ன இருக்கிறது?

சூழல் ஒலி இருக்கிறது: தெரு, மழை, பக்கத்து வீட்டு ரேடியோ, தூரத்து ரயில். அப்புறம் ஃபோலி. கதாபாத்திரங்களின் அசைவுக்கு ஏற்ற சத்தங்களைக் கலைஞர்கள் படத்தைத் திரையில் ஓடவிட்டு, அதற்கு ஈடாக நடந்தும் துணியை உரசியும் பொருள்களைத் தொட்டும் புதிதாக உண்டாக்கிப் பதிவு செய்வது. யுனிவர்சல் ஸ்டுடியோவில் இந்த வேலையைச் செய்த ஜாக் ஃபோலியின் பெயர்தான் இந்தக் கலைக்கே நிலைத்துவிட்டது.

சண்டைப் படத்தில் ஃபோலி குத்துகளுக்குப் போகிறது. காதல் படத்தில் அது விரல்களுக்குப் போகிறது. கடிதத்தை மடிக்கும் சத்தம், வளையல், சட்டைக் காலரைச் சரிசெய்யும்போது வரும் உரசல். நிஜத்தில் ஆறடி தள்ளி நிற்பவரின் துணி உரசுவது நமக்குக் கேட்காது. படத்தில் கேட்டால், யாரோ நம்மை அந்த ஆளின் அருகே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். கேமரா தூரத்தில் இருக்கும்போதே ஒலி பக்கத்தில் வந்துவிடும் காட்சிகளைக் கவனித்துப் பாருங்கள். கண்ணுக்கு அவர்கள் எட்டத்தில், காதுக்குக் கிட்டத்தில். காதலிப்பவர்களின் நிலைமையே பெரும்பாலும் அதுதான்.

எனக்கு ஒரே ஒரு கேள்வி போதும் என்று தோன்றுகிறது: இதை யாருடைய காது கேட்கிறது? விருந்தில் எல்லாரும் பேசிக்கொண்டிருக்க, அந்த இரைச்சல் மெல்ல மங்கி ஒரே ஒருத்தியின் சிரிப்பு மட்டும் தெளிவாகக் கேட்டால், நாம் யாரோ ஒருவன் தலைக்குள் இருக்கிறோம். அவன் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுக்கே தெரியாமல் இருக்கலாம். நமக்குத் தெரிந்துவிட்டது.

பின்னணி இசையே இல்லாமல் காதலை உணரவைக்க முடியுமா?

முடியும் என்பதற்குச் சமீபத்திய சான்று, செலீன் சியாமா இயக்கிய 'போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி ஆன் ஃபயர்' (2019). ஓவியம் வரைய வந்த ஒரு பெண்ணுக்கும் வரையப்படும் பெண்ணுக்கும் இடையிலான காதல். காட்சிக்கு மேல் பூசிய பின்னணி இசை இல்லை; இசை வந்தால் கதைக்குள்ளேயே யாரோ வாசிப்பதாகவோ பாடுவதாகவோ வரும். மற்ற நேரமெல்லாம் கரித்துண்டு காகிதத்தில் இழுபடும் ஓசை, அடுப்புத் தீ, கடல், மூச்சு. தொடக்கப் பகுதியில் ஓவியப்பெண், இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் 'கோடை'யிலிருந்து ஒரு பகுதியை, பியானோவுக்கு முந்திய வாத்தியமான ஹார்ப்சிகார்டில் வாசித்துக் காட்டுகிறாள். கடைசிக் காட்சியில், பல ஆண்டுகள் கழித்து, மற்றவள் ஓர் அரங்கில் தனியாக உட்கார்ந்து அதே இசையை முழு வாத்தியக் குழுவோடு கேட்கிறாள். கேமரா அவள் முகத்தைவிட்டு நகர்வதே இல்லை. படம் முழுக்க நம்மை இசைக்குப் பசியோடு வைத்திருந்ததால்தான் அந்தக் கடைசி நிமிடங்கள் அப்படித் தாக்குகின்றன. வழிநெடுக வயலின் ஓடியிருந்தால் அது இன்னொரு வயலினாகப் போயிருக்கும்.

இதற்காகப் பின்னணி இசை கெட்டது என்று சொல்லவில்லை. வோங் கார் வாயின் 'இன் த மூட் ஃபார் லவ்' (2000) நேர் எதிர்வழி. அதில் ஷிகெரு உமெபயாஷியின் ஒரே வால்ட்ஸ், அதாவது மூன்று தாளத்தில் ஓடும் மேற்கத்திய நடன இசை, திரும்பத் திரும்ப வருகிறது. அது அந்தப் படத்துக்காக எழுதியதுகூட இல்லை, 1991இல் வந்த ஒரு ஜப்பானியப் படத்துக்கானது. நாயகி இரவு உணவு வாங்கப் படியிறங்குகிறாள், நாயகன் படியில் எதிர்ப்படுகிறான், அதே வால்ட்ஸ், அதே மெதுவான நடை, உடை மட்டும் வேறு. உடை மாறுவதை வைத்து நாள்கள் ஓடுவது தெரிகிறது. இசை மாறாததை வைத்து அவர்கள் நின்ற இடத்திலேயே நிற்பது தெரிகிறது.

எனக்கு அலுப்பூட்டுவது மூன்றாவது வகை. நாயகி கண் கலங்குவதற்கு முன்னாலேயே புல்லாங்குழல் அழ ஆரம்பித்துவிடும். நாம் என்ன உணர வேண்டும் என்று ரீ-ரெக்கார்டிங்கில் அறிவித்துவிட்டால் அப்புறம் நமக்கு என்ன வேலை?

நம் படங்களில் பாட்டு இருக்கிறதே. பாட்டு வந்தால் நுட்பம் போய்விடாதா?

இது வெளிநாட்டுத் திரைப்பட விழாக்களிலிருந்து ஒட்டிக்கொண்ட எண்ணம். பாட்டும் ஒரு மௌனம்தான், சரியாக வைத்தால்: பேச முடியாதவர்கள் பேச வேண்டியிராத நேரம்.

பாட்டைக் கொடுக்காமல் வைத்திருப்பது அதைவிடப் பெரிய வித்தை. பிரேம் குமாரின் '96' (2018) படத்தில் பள்ளிக் காலத்திலிருந்து ராம், ஜானுவிடம் கேட்கும் பாட்டு ஒன்றே ஒன்று, 'யமுனை ஆற்றிலே'. அவளுக்கு அது தெரியும். வேறு என்னென்னவோ பாடுவாள், அதை மட்டும் பாட மாட்டாள். இருபது வருடத்துக்கு மேல் கழித்து, ஒரே ஓர் இரவு சந்திப்பில், அவன் வீட்டில் மின்சாரம் போகிறது. இருட்டில் அவள் அதைப் பாடத் தொடங்குகிறாள். ஒரு வார்த்தை ஒப்புதல் வாக்குமூலம் இல்லை. 1991இல் வந்த 'தளபதி'யின் பாட்டு அது. பார்க்கிறவர்களுக்கும் அதே வயதில் கேட்ட நினைவு இருக்கும். இருட்டை இயக்குநர் தேர்ந்தெடுத்ததையும் பாருங்கள். வெளிச்சத்தில் அவள் பாடியிருந்தால் நாம் த்ரிஷாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். இருட்டில் கேட்கத்தான் முடியும், அவனைப் போலவே.

முக்கியமான ஆளைக் காட்டாமல் குரலை மட்டும் விடுகிறார்களே, அது என்ன உத்தி?

முகம் தெரியாத குரலுக்குத் திரையில் தனி வலிமை உண்டு. ரித்தேஷ் பத்ராவின் 'தி லஞ்ச்பாக்ஸ்' (2013) படத்தில் மாடி வீட்டு ஆன்ட்டி ஒருவர் வருவார், அதாவது வரவே மாட்டார். ஜன்னல் வழியாகக் குரல் மட்டும் கேட்கும். கயிற்றில் கூடை இறங்கும். கதாநாயகியின் தனிமை அந்தக் குரலால் குறைகிறதா கூடுகிறதா என்றால் இரண்டும்தான். பேச ஆள் இருக்கிறது, எதிரில் ஆள் இல்லை.

'இன் த மூட் ஃபார் லவ்' இதையே கொஞ்சம் கொடூரமாகச் செய்கிறது. நாயகனின் மனைவிக்கும் நாயகியின் கணவனுக்கும்தான் கள்ள உறவு. அந்த இருவரின் முகமும் நமக்குச் சரியாகக் காட்டப்படுவதில்லை, முதுகும் குரலும்தான். துரோகம் செய்தவர்கள் குரலாக மட்டும் மிஞ்ச, ஏமாந்தவர்களின் முகம் திரையை நிரப்புகிறது. யார் பக்கம் நாம் இருக்க வேண்டும் என்பது அத்தோடு முடிவாகிவிடுகிறது, நியாயம் பேசாமலே.

கடைசியில் காதில் ஏதோ சொல்கிறான், நமக்குக் கேட்கவில்லை. காசு கொடுத்துப் பார்த்தவரை ஏமாற்றுவது இல்லையா இது?

சோஃபியா கப்போலாவின் 'லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்' (2003) பற்றித்தான் பெரும்பாலும் இந்தக் கேள்வி வரும். தோக்கியோ தெருக் கூட்டத்தில் இருவரும் அணைத்துக்கொள்கிறார்கள், அவன் அவள் காதில் ஏதோ சொல்கிறான், தெருவின் ஓசை அதை மூடிவிடுகிறது. ஒலியைப் பெருக்கி, வடிகட்டி, அவன் சொன்னது இதுதான் என்று நிரூபிக்கப் பலர் முயன்றிருக்கிறார்கள். அந்த முயற்சியே எனக்குக் கொஞ்சம் அநாகரிகமாகப் படுகிறது. படம் முழுக்க அவர்கள் இருவரும் ஹோட்டலிலும் தெருவிலும் தங்களுக்கென்று ஒரு மூலை இல்லாமல் அலைகிறார்கள். கடைசியில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே தனியறை அந்த ஒரு வாக்கியம். அதிலும் நாம் போய் உட்கார வேண்டுமா?

நடைமுறைக் காரணமும் உண்டு. என்ன எழுதினாலும் அந்த வாக்கியம் நாம் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாகத்தான் இருக்கும்.

நுணுக்கமாகக் கதை சொல்வது என்கிறார்களே, அதை எப்படி அடையாளம் காண்பது?

ஒரு செயல் தன் வேலையைச் செய்துகொண்டே இன்னொன்றையும் சொல்கிறதா என்று பாருங்கள். அகநானூற்றின் நான்காம் பாட்டில், குறுங்குடி மருதனார் பாடியதில், தலைவன் தேரில் திரும்பி வருகிறான். வழியில் பூத்த சோலையில் துணையோடு தங்கியிருக்கும் வண்டுகள் மிரண்டுவிடக் கூடாதே என்று தேர்மணிகளின் நாவைக் கட்டிவிடுகிறான். அவன் விரைந்து வர வேண்டியவன், அவளைப் பார்க்கத் துடிப்பவன். ஆனாலும் வேறொரு ஜோடியைக் கலைக்க மனமில்லை. இதைத் தோழி தலைவியிடம் சொல்கிறாள், அவன் நிச்சயம் வருவான் என்று தேற்றுவதற்காக. காதலைப் பற்றி ஒரு சொல் இல்லாமல் அவன் எப்படிப்பட்ட காதலன் என்பது தெரிந்துவிட்டது. அதுவும் ஓர் ஒலியை நிறுத்தியதன் மூலம்.

திரையில் இது பெரும்பாலும் திரும்ப வரும் பொருளாகவோ பழக்கமாகவோ இருக்கும். முதல் தடவை வரும்போது அது வெறும் தகவல். இரண்டாம் தடவை நினைவு. மூன்றாம் தடவை அது வராமல் போனால் நமக்கு வலிக்கும். தினமும் இரண்டு தடவை அழைப்புமணி அடிப்பவன் ஒருநாள் ஒரே தடவை அடித்தால் போதும், கதை திரும்பிவிட்டது. அதைக் கவனிக்காமல் பாப்கார்னில் கை விட்டவருக்குத்தான் "திடீரென்று ஏன் பிரிந்தார்கள்?" என்ற சந்தேகம் வருகிறது.

இன்னொரு வழி, வேறு எதையோ பேசுவதுபோல இதைப் பேசுவது. 'இன் த மூட் ஃபார் லவ்' இருவரும், தங்கள் துணைகளின் உறவு எப்படித் தொடங்கியிருக்கும் என்று நடித்துப் பார்க்கிறார்கள். பிறகு பிரிவையும் ஒத்திகை பார்க்கிறார்கள். ஒத்திகைதான் என்று தெரிந்தும் அவள் உடைந்து அழுகிறாள். வேடம் போட்டுக்கொண்டால்தான் அவர்களால் உண்மையைப் பேச முடிகிறது.

மெதுவாகப் போகும் படமெல்லாம் நுணுக்கமான படமா?

இல்லை. வெறுமையாக இருப்பதை மௌனம் என்று விற்கும் படங்களும் நிறைய உண்டு. இருவர் பேசாமல் நிற்கிறார்கள் என்றால், அவர்களிடம் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்பது அதற்கு முன்பே நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால் அந்த மௌனத்துக்குள் நாமே இரண்டு மூன்று வசனங்களைச் சொல்லிப் பார்ப்போம். தெரியாவிட்டால் ஜன்னல் திரைச்சீலையின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். நீங்கள் திரைச்சீலையைப் பார்த்தீர்கள் என்றால் குற்றம் உங்களுடையதாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

ஒரு காட்சியை எடுத்துப் பிரித்துக் காட்ட முடியுமா?

டேவிட் லீனின் 'பிரீஃப் என்கவுண்டர்' (1945). பழைய கறுப்பு வெள்ளைப் படம், ஆனால் இந்த விஷயத்துக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. லாரா, அலெக், இருவருமே வேறு வேறு ஆளை மணந்தவர்கள். ரயில் நிலையத்துச் சிற்றுண்டி அறையில் அறிமுகமாகி, சில வாரங்கள் சந்தித்து, இனி வேண்டாம் என்று முடிவெடுக்கிறார்கள். கடைசிச் சந்திப்பும் அதே அறையில்.

அந்தக் கடைசிச் சந்திப்பைப் படம் இரண்டு தடவை காட்டுகிறது, தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை. முதல் தடவை நமக்கு யாரையும் தெரியாது. ஒரு மேசையில் ஓர் ஆணும் பெண்ணும். லாராவுக்குத் தெரிந்த டாலி என்ற பெண் உள்ளே வந்து உட்கார்ந்து ஓயாமல் பேசுகிறாள். ரயில் வரும் அறிவிப்பு. அந்த ஆண் எழுந்து, லாராவின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போய்விடுகிறான். டாலியின் பேச்சு தொடர்கிறது. சாதாரண விஷயம்.

இரண்டாம் தடவை அதே காட்சி, அதே டாலி, அதே பேச்சு. இப்போது நாம் லாராவின் காதில் இருக்கிறோம். அவர்களுக்கு மிஞ்சியிருந்த கடைசிச் சில நிமிடங்களை அந்தப் பேச்சு தின்றுகொண்டிருக்கிறது என்று நமக்குத் தெரியும். தோளில் அழுத்திய கைதான் மொத்த விடைபெறலும். டாலி பேசப் பேச, அவன் ரயில் கிளம்பும் ஓசைக்காக லாரா காத்திருக்கிறாள். ஒருவேளை திரும்பி வந்துவிடுவானோ என்று. ரயில் போய்விடுகிறது. அப்புறம் நிற்காமல் போகும் விரைவு வண்டி வரும் சத்தம் கேட்டதும் அவள் எழுந்து நடைமேடைக்கு ஓடுகிறாள். என்ன செய்யப் போனாள் என்பது நமக்குப் புரிகிறது. வண்டி கடக்கும் காற்றும் வெளிச்சக் கீற்றுகளும் அவள் முகத்தில் அடிக்கின்றன. அவள் அசையாமல் நிற்கிறாள்.

வசனம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. கேட்பவர் மாறிவிட்டார், அதனால் காட்சியே மாறிவிட்டது.

இதே படத்தில் ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினாஃபின் இரண்டாம் பியானோ கான்செர்ட்டோ (பியானோவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் இசை) பின்னணியாக ஓடுகிறது. அது எங்கிருந்து வருகிறது? லாராவின் வீட்டு ரேடியோவிலிருந்து. அவள் நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் மனத்துக்குள் கணவனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவன் எதிரே குறுக்கெழுத்துப் போட்டி போட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு கட்டத்தில் அதைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று கேட்கிறான். அவளுக்கு அது அவள் வாழ்க்கையின் காதல். அவனுக்கு ரேடியோ சத்தம்.

டப்பிங், சிங்க் சவுண்ட் வித்தியாசம் காதல் படத்தில் தெரியுமா?

தெரியும், முக்கியமாக மூச்சில். சிங்க் சவுண்டில், அதாவது படப்பிடிப்புத் தளத்திலேயே குரலைப் பதிவு செய்தால், நடிகர் தடுமாறிய இடம், எச்சில் விழுங்கிய இடம், சிரிப்பை அடக்கிய இடம் எல்லாம் கூடவே வரும். டப்பிங் கூடத்தில் வாரங்கள் கழித்து ஒலிவாங்கி முன் நின்று அதைத் திரும்பக் கொண்டுவருவது தனித் திறமை. செய்யக் கூடியவர்கள் இருக்கிறார்கள். முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்றால் கடினம் இரட்டிப்பாகிறது. உதடு பொருந்திவிடும், தயக்கம் பொருந்தாது. ஆனால் டப்பிங்கில் சுத்தமான ஒலி கிடைக்கும், ரகசியக் குரலைக் காதுக்கருகே கொண்டுவரலாம். எது சிறந்தது என்று சண்டை போடுவதில் பயனில்லை.

வீட்டில் பார்க்கும்போது இதெல்லாம் கேட்பதில்லையே, என்ன செய்யலாம்?

கைபேசியின் ஸ்பீக்கரில் பார்க்காதீர்கள். அவ்வளவு சிறிய ஸ்பீக்கரால் தாழ்ந்த சுருதியை எழுப்ப முடியாது. அறையின் ஆழம், தூரத்து ரயில், இடி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. சாதாரண ஹெட்போன் போதும்.

டிவியில் பார்த்தால் ஒலி அமைப்பில் 'நைட் மோட்' அல்லது அது போன்ற பெயரில் ஒன்று இருக்கும். அது மெல்லிய ஒலியைத் தூக்கி, உரத்த ஒலியைத் தாழ்த்தி, இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். பக்கத்து அறையில் குழந்தை தூங்கினால் வசதி. இந்த மாதிரிப் படத்துக்கு நஞ்சு. வசனம் மட்டும் அமுங்கிப்போய், இசை காதைப் பிளந்தால் வேறு காரணம் இருக்கலாம்: 5.1 கலவையில், அதாவது சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கரும் தாழ்ந்த ஒலிக்கு ஒன்றுமாகப் பிரித்த ஒலியில், வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும். உங்களிடம் இரண்டு ஸ்பீக்கர்தான் என்றால் ஒலி அமைப்பை ஸ்டீரியோவுக்கு மாற்றிப் பாருங்கள்.

அப்புறம் மின்விசிறி. முடிந்தால் குறைத்து வையுங்கள்.

காது பழக ஏதாவது பயிற்சி உண்டா?

பிடித்த காட்சி ஒன்றை எடுத்து ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், இன்னொரு முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கண்ணை மூடிக் கேட்கும்போது எந்தச் சத்தம் எதிர்பார்க்காமல் வந்தது, ஒலியில்லாமல் பார்க்கும்போது எந்த இடத்தில் காட்சி செத்துப்போனது, இந்த இரண்டும் போதும். அடுத்த காட்சியின் ஒலி இந்தக் காட்சி முடிவதற்குள்ளேயே நுழைவதையும் பிடித்துப் பாருங்கள். அவன் இன்னும் அவள் வீட்டு வாசலில் நிற்கும்போதே ரயில் ஓசை கேட்டுவிட்டால், அவன் மனம் ஏற்கெனவே கிளம்பிவிட்டது. எடிட்டர்கள் இதை ஜே கட் என்பார்கள்.

கூடப் பார்ப்பவர் நெளிகிறார். என்ன செய்வது?

நெளியட்டும். நடுவில் விளக்கம் மட்டும் சொல்லாதீர்கள். விளக்குகிற குரலும் ஒரு சத்தம்தான்.

சப்டைட்டில் போட்டுப் பார்த்தால் ரசனை குறையுமா?

மொழி தெரியாத படத்துக்கு வேறு வழியில்லை. கண் கொஞ்ச நேரம் கீழே போய்விடும் என்பது இழப்புதான். ஆனால் வசனம் குறைந்த படங்களில் அந்த இழப்பும் குறைவு. காது கேளாதவர்களுக்கான சப்டைட்டிலை ஒருமுறை போட்டுப் பாருங்கள். "தூரத்தில் மணியோசை", "மழை வலுக்கிறது", "மூச்சை இழுக்கிறாள்" என்று சத்தங்களையும் எழுதியிருப்பார்கள். காது நன்றாகக் கேட்பவர்களும் தவறவிட்ட ஓசைகளை அதில் கண்டுபிடிக்கலாம்.

எந்தப் படத்தில் தொடங்கலாம்?

'பேசும் படம்' நல்ல வாசல். சிரிக்கவைத்துக்கொண்டே காதைத் திறந்துவிடும். கடைசியில் அமலா ரோஜாவில் சுற்றித் தரும் முகவரிச் சீட்டு காற்றில் பறந்து சாக்கடையில் விழும்போது, ஒரு வசனம்கூட இல்லாமல் ஒரு காதல் முடிவதைப் பார்ப்பீர்கள். அடுத்து '96', அதன் பாட்டுகள் ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்திருப்பதால். 'பிரீஃப் என்கவுண்டர்' ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஓர் இரவில் பார்க்கலாம். 'இன் த மூட் ஃபார் லவ்' அதற்கப்புறம் போதும். தூக்கம் வரும் நேரத்தில் மட்டும் அதை ஆரம்பிக்காதீர்கள்.